தாத்தாவின் எம்ஜிக்கு வந்த சைலன்சர் செட்

குழு: டிக்கோயா வீட்டார்

சனிக்கிழமை

அட்டன் மாமா (மாலை 5:40): எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி. தாத்தாவின் பழைய எம்ஜி காருக்கு சைலன்சர் செட் கிடைத்துவிட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில். பழசுதான், ஆனால் முழு செட், ஒரிஜினல், அதுவும் ஸ்டெயின்லெஸ் என்றான்.

அட்டன் மாமா: (4 படங்கள்)

கண்டி அக்கா: அடடே! அப்படியென்றால் சித்திரைக்கு நுவரெலியா போகலாம் 👏

பதுளை அண்ணன்: என்ன விலை மாமா?

அட்டன் மாமா: அத்தை இருக்கிற குழுவில் கேட்கிற கேள்வியா இது?

அத்தை: நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கினிகத்தேனை சித்தப்பா (6:05): மச்சான், இரண்டாவது படத்தில் இருக்கும் மெனிஃபோல்ட், அதுதான் எஞ்சின் புகையைச் சேர்த்துக் கீழே இறக்குவது, எஞ்சின் ஹெட்டோடு சேரும் பக்கம் எத்தனை கால்?

அட்டன் மாமா: நாலு. நாலு சிலிண்டருக்கு நாலு கால்தானே?

கினிகத்தேனை சித்தப்பா: அங்கேதான் சறுக்கிவிட்டீர்கள். உங்கள் அப்பாவின் வண்டி எம்ஜிபி, 1798 சிசி, பி சீரிஸ் எஞ்சின். சிலிண்டர் நாலு, ஆனால் புகை வெளியேறும் எக்சோஸ்ட் வாய் மூன்றுதான். நடுவில் இருக்கும் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே வாய். மொரிஸ் மைனர், மினி எல்லாம் ஏ சீரிஸ், அதிலும் இப்படித்தான். நாலு கால் இருந்தால் அது வேறு எஞ்சினுக்குரியது.

பதுளை அண்ணன்: லயத்தில் இரண்டு காம்பராவுக்கு ஒரு தண்ணீர் பைப் மாதிரி 😀

அட்டன் மாமா: கடைக்காரன் அதன் மேலேயே சோக்குக் கட்டியால் எம்ஜி என்று எழுதி வைத்திருந்தானே!

கினிகத்தேனை சித்தப்பா: எம்ஜி என்ற பேரில் எத்தனை வண்டி வந்தது! எம்ஜிபியே 1962இலிருந்து 1980 வரை வந்தது. மிட்ஜெட்டும் எம்ஜிதான். அதில் முதலில் ஏ சீரிஸ், 1974க்குப் பிறகு ட்ரையம்ப் 1493 சிசி எஞ்சின். பேனட்டில் இருக்கும் பேரை வைத்து சைலன்சர் வாங்கினால் இப்படித்தான்.

நான் (6:20): சித்தப்பா, நான் இப்போது வண்டிக்கு அடியில்தான் படுத்திருக்கிறேன். நம் மெனிஃபோல்ட் நன்றாக இருக்கிறது, வெடிப்பு இல்லை. துருவைச் சுரண்டி சோக்குத் தேய்த்தேன், எழுத்து எழும்பியது. 12எச் என்று ஆரம்பிக்கிறது.

கினிகத்தேனை சித்தப்பா: அது பி சீரிஸ் எண்தான். அதைத் தொடாதே. அதிலிருந்து கீழே இறங்குவது எப்படி இருக்கிறது?

நான்: இரண்டு பைப் இறங்குகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் நட் போட்டு இறுக்கும் மூன்று ஸ்டட். பிறகு இரண்டும் ஒன்றாகிப் பின்னால் போகிறது. சேரும் இடத்துக்குப் பக்கத்தில் விரல் நுழைகிற ஓட்டை.

கினிகத்தேனை சித்தப்பா: மச்சான், உங்களிடம் இருக்கும் முன் பைப்?

அட்டன் மாமா: ஒற்றைப் பைப். போல்ட் ஓட்டையே இல்லை. நாதஸ்வர அணசு மாதிரி வாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கினிகத்தேனை சித்தப்பா: அது ஏ சீரிஸ் பைப். விரிந்த வாய் இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து, சுற்றி இரண்டு துண்டு கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். மிட்ஜெட்டாக இருக்கலாம், மைனராகவும் இருக்கலாம். நம் வண்டியில் அதை மாட்ட இடமே இல்லை.

அட்டன் மாமா: அட்டனில் வெல்டிங் கடைக்கா பஞ்சம்? வெட்டி ஒட்டிவிட்டால் போச்சு.

கினிகத்தேனை சித்தப்பா: ஒட்டலாம். ஆனால் அது சின்ன எஞ்சினுக்குச் செய்த ஒல்லிப் பைப். 1800 எஞ்சின் மூச்சு விட முடியாமல் நானுஓயா ஏற்றத்தில் திணறும். ஒட்டிய இடம் கசிந்தால் புகை முழுக்கக் காலடியில்.

கண்டி அக்கா: அது விளையாட்டில்லை மாமா. நுவரெலியா குளிருக்கு கூரையைப் போட்டு, கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டுதான் போவீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. தலையிடிக்கும், தூக்கம் வரும். மலை ஏறிய களைப்பு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அத்தை: வெல்டிங் கடைப் பேச்சு இத்தோடு சரி.

கினிகத்தேனை சித்தப்பா (6:45): இனி சைலன்சர் இரண்டையும் பார்ப்போம். பைப்பின் வெளி விட்டம் வேண்டும். வெர்னியர் அளவுகோல் இருக்கிறதா?

அட்டன் மாமா: என்னிடம் ஏது?

கினிகத்தேனை சித்தப்பா: சரி, தையல் நூலை ஒரே சுற்றாகச் சுற்றி, முனை சேரும் இடத்தில் பேனாவால் புள்ளி வையுங்கள். நூலை நீட்டி அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். நூல் சாய்ந்தால் கணக்கும் சாயும்.

அத்தை (7:02): நானே அளந்தேன். இவர் இழுத்த இழுப்பில் நூல் இரண்டு தரம் அறுந்தது. நடு சைலன்சர் 12 சென்றிமீற்றர், கடைசி சைலன்சர் 14.

கினிகத்தேனை சித்தப்பா: அக்கா, உங்களைக் கராஜில் வேலைக்கு எடுக்கலாம். 12 என்றால் 38 மில்லி, ஒன்றரை இஞ்சி. 14 என்றால் நாற்பத்து நாலரை மில்லி, ஒன்றேமுக்கால் இஞ்சி. நமக்கு வேண்டியது ஒன்றேமுக்கால். நடு சைலன்சரும் வேறு வண்டியுடையது. கடைசியை மட்டும் குலுக்கிப் பாருங்கள்.

அட்டன் மாமா: சத்தம் இல்லை. தூள் கொட்டுகிறது.

பதுளை அண்ணன்: தேயிலைத் தூள் மாதிரியென்றால் எந்த ரகம், பிஓபியா, டஸ்டா?

அட்டன் மாமா: டஸ்ட்.

கினிகத்தேனை சித்தப்பா: கொஞ்சம் தூள் என்றால் பரவாயில்லை. உள்ளே தகடு கழன்றிருந்தால் கடலை டப்பா மாதிரிக் கிலுகிலுக்கும். அடிப்பக்கம் மடிப்பு ஓடும் இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். தண்ணீர் தங்குவது அங்கேதான்.

அட்டன் மாமா: குத்தினேன். இறங்கவில்லை. ஆனால் பிரிட்ஜ் காந்தம் ஒட்டுகிறது. ஸ்டெயின்லெஸ் என்றானே?

கினிகத்தேனை சித்தப்பா: காந்தம் ஒட்டும் ஸ்டெயின்லெஸும் உண்டு. ஆனால் அது இப்படிச் செம்மண் நிறத்தில் தூள் கொட்டாது. இது சாதாரண இரும்பு. இருக்கட்டும், இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் திரும்பிப் போக வேண்டும்.

அட்டன் மாமா (7:30): கடைக்காரனிடம் பேசினேன். காசு திரும்ப வராதாம், சாமான் மாற்றித் தருவானாம்.

கினிகத்தேனை சித்தப்பா: அது போதும். இந்த முறை படத்தைக் காட்டி வாங்காதீர்கள். நம் பழைய முன் பைப்பைக் கழற்றி, சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள். கடைத் தரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து வளைவுக்கு வளைவு பாருங்கள். வளைவு ஒரு விரல் தள்ளிப் போனாலும் பைப் அடித்தட்டில் இடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 9:15): ஸ்டட் ஆறில் ஐந்து நட் பித்தளை, கையால் சுற்றினாலே வருகிறது. ஆறாவது இரும்பு. அசையவே இல்லை.

கினிகத்தேனை சித்தப்பா: பித்தளை போடுவதே அதற்குத்தான், சூட்டில் ஸ்டட்டோடு பிடித்துக்கொள்ளாது. அந்த ஆறாவது நட் 8 மில்லியாக இருக்கும் பார். நம் ஸ்டட்டின் மரை இஞ்சிக் கணக்கு, பதினாறில் ஐந்து இஞ்சி. இரண்டும் பார்க்க ஒரே அளவுதான், மரை இடைவெளி வேறு. யாரோ பலவந்தமாக ஏற்றியிருக்கிறார்கள். எந்தப் பாவியோ!

நான்: தாத்தா பக்கத்தில்தான் இருக்கிறார். சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

கினிகத்தேனை சித்தப்பா: என்ன சொல்கிறார் மாமா?

நான்: சிரிக்கிறார். 1975இல் தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததும் தோட்டத்துத் துரை சீமைக்குப் போனார், கார் சாவி இவர் கைக்கு வந்தது. அடுத்த வருஷமே றம்பொடை வளைவில் ஒரு நட் கழன்று விழுந்ததாம். கொழுந்து லொறிக்காரர் ஒருவர் தன் டப்பாவில் தேடிக் கொடுத்த நட்டை இவரே ஸ்பேனரில் தொங்கி ஏற்றினாராம்.

அட்டன் மாமா: அப்பாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

நான்: தாத்தா சொல்கிறார், அது ஒரு நட்டுதானாம். அதற்கு லொறிக்காரர் காசும் வாங்கவில்லையாம்.

அத்தை: 😂😂