மறு: ஆர் மொழியின் 'என்.ஏ.'வுக்கு என்ன சொல் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆர் என்பது புள்ளியியல் கணக்குகளுக்கான நிரல்மொழி. தரவில் ஒரு மதிப்பு நம் கையில் இல்லாத இடத்தை அது 'என்.ஏ.' (NA) என்று குறிக்கும். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று மூன்று நாளாக ஓடும் இழையை இன்றைக்குத்தான் முழுக்கப் படித்தேன். 'விடுபட்ட மதிப்பு' என்றே வைத்துவிடலாம் என்று பலரும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடலூர் முதுநகரில் என் சித்தப்பா ஒரு விசைப்படகுக்குக் கணக்கு எழுதுகிறார். நாளுக்கு ஒரு வரி. வஞ்சிரம், சங்கரா, மத்தி என்று தனித்தனிப் பத்தி போட்டு, எத்தனை பெட்டி இறங்கியது என்று எழுதுவார். ஆர் பழகுவதற்காக அந்த நோட்டைக் கணினியில் ஏற்றினேன். மத்திப் பத்தியில் சில நாள் சைபர், சில நாள் கோடு, சில நாள் வெற்றுக் கட்டம். எல்லாம் ஒன்றுதானே என்று எல்லாவற்றையும் சைபராக்கிவிட்டேன். வந்த சராசரியைப் பார்த்து சித்தப்பா சிரித்தார்.

"சைபர் போட்டா, போயி வெறும் வலையோட வந்தோம்னு அர்த்தம். கோடு போட்டா படகே போகலை. ஒண்ணுமே எழுதலைன்னா அன்னிக்கு நான் வரலை. எவ்ளோ எறங்குச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுக்க வெறும் கோடுதான். அதையும் சைபராக்கி, மத்திக்கே பஞ்சம் வந்த மாதிரி ஒரு வரைபடம் வேறு போட்டு வைத்திருந்தேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். கலைச்சொல்லை அகராதியில் உரசிப் பார்ப்பதைவிட, அது பெயரிடும் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சொல்லைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். 12, என்.ஏ., 8 மூன்றையும் கூட்டச் சொன்னால் ஆர் தரும் விடை என்.ஏ. அது ஐந்தைவிடப் பெரியதா என்று கேட்டாலும் என்.ஏ. ஓர் என்.ஏ.வும் இன்னோர் என்.ஏ.வும் சமமா என்று கேட்டாலும் அதே என்.ஏ.தான். புதிதாகக் கற்கிறவர்கள் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான். இங்கே 'விடுபட்ட மதிப்பு' போட்டுப் பாருங்கள்: "விடுபட்ட மதிப்பும் விடுபட்ட மதிப்பும் சமமா? விடுபட்ட மதிப்பு." உளறல் மாதிரி இருக்கிறது. "தெரியாததும் தெரியாததும் சமமா? தெரியாது." இதற்கு விளக்கமே வேண்டாம்.

இன்னொன்று. என்.ஏ.வைப் பூஜ்ஜிய அடுக்குக்கு உயர்த்தினால் ஆர் 1 என்கிறது. முதலில் பார்த்தபோது வழு என்றே நினைத்தேன். எந்த எண் என்று தெரியாவிட்டாலும் அதன் பூஜ்ஜிய அடுக்கு 1 என்பது தெரியும் அல்லவா? அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே என் முன்மொழிவு: தெரியாமதிப்பு.

இதோடு சேர்த்து, ஆரில் இதனோடு குழப்பிக்கொள்ளும் மற்ற இரண்டு குறிகளுக்கும் (NULL, NaN) சொல் வைத்து முடித்துவிடலாம். மறுப்பதற்குத் தமிழில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளுவதில்லை. 'இல்லை' வேறு, 'அல்ல' வேறு, 'தெரியாது' வேறு. ஆரின் 'நல்' (NULL) என்பது 'இல்லை' என்னும் வகை. 12, நல், 8 என்று அடுக்கினால் நீளம் 2 என்றே காட்டும், கட்டமே காணாமல் போய்விடும். படகு போகாத நாளின் கோடு கிட்டத்தட்ட இந்த வகை. சைபரைச் சைபரால் வகுத்தால் வருவது 'எண் அல்ல' என்னும் வகை. (அதன் ஆங்கிலச் சுருக்கமான NaN-ஐத் தமிழில் எழுதினால் 'நான்' என்று வருகிறது. பிழைச்செய்தியில் "நான் கிடைத்தேன்" என்று வந்தால் பயனர் பயந்துவிடுவார்.) ஆகவே நல்லுக்கு இன்மை, இதற்கு எண்ணன்று. ஒருமைக்கு 'அன்று'தான் சரி என்று நம் புலவர்கள் கிளம்புவதற்கு முன் நானே திருத்திக்கொண்டேன். இனி, இழையில் நீங்கள் சொன்ன மற்ற யோசனைகளுக்கு வருகிறேன்.

> தமிழாசிரியர் ஒருவரைக் கேட்டேன். உருபு மறைந்து வருவதைத் தொக்கி நிற்பது என்கிறோமே, அதுபோல 'தொக்க மதிப்பு' என்றார்.

அழகான சொல். 'பால் குடித்தான்' என்பதில் 'ஐ' இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. மத்தியும் அன்றைக்கு இறங்கியிருக்கும், நோட்டில்தான் இல்லை. ஆனால் 'தொக்க' என்றதும் 'தொகை' நினைவுக்கு வரும், புள்ளியியலில் தொகை என்றால் கூட்டுத்தொகை. மாணவர் குழம்புவார். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

> 'மதிப்பிலி' அல்லது 'அறியிலி'?

மதிப்பிலி என்றால் மதிப்புக் கெட்டவன். அறியிலியில் ஓர் எழுத்து பிசகினால் வசவு. வேண்டாமே.

பைத்தான் மொழியில் தரவு அட்டவணைகளைக் கையாளும் நிரல்தொகுப்பான பாண்டாஸின் ஆட்கள் கேட்கக்கூடும். அங்கே நெடுநாள் தெரியாமதிப்புக்கும் எண்ணன்றுக்கும் ஒரே குறிதான். 2020-இல் வந்த 1.0 பதிப்பில்தான் சோதனை முறையில் தனிக்குறி சேர்த்தார்கள். சராசரி கேட்டால் தெரியாததை அதுபாட்டுக்கு ஒதுக்கிவிட்டு விடை தரும். ஆர் அப்படி இல்லை, ஒதுக்கு என்று நாம் சொன்னால்தான் ஒதுக்கும். எனக்கு ஆரின் பிடிவாதம்தான் பிடிக்கும். ஆனால் அதே ஆர், தரவுக்கு நேர்கோட்டு மாதிரி (linear model) பொருத்தும்போது தெரியாமதிப்பு உள்ள வரிகளைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படிக் கழற்றுவது எப்போது ஆபத்து? தானே புயல் கரை கடந்த 2011 டிசம்பர் 30-ஐ ஒட்டி சித்தப்பா நோட்டில் ஒரு வாரம் வெற்றுக் கட்டம். கோடு போடக்கூட ஆள் வரவில்லை. கடல் மோசமாக இருக்கும் நாளில்தான் கட்டமும் காலியாகிறது. அந்த நாட்களை ஒதுக்கிச் சராசரி எடுத்தால் கடல் எப்போதும் நல்லபடி இருந்த மாதிரி ஆகிவிடும். மதிப்பு ஏன் இல்லாமல் போனது என்பதைப் பொறுத்தே கணக்கிட வேண்டும் என்பதைப் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-லேயே வகைப்படுத்தி எழுதிவிட்டார். 'விடுபட்டது' என்றால் கைத்தவறு என்று கடந்துபோவோம். 'தெரியாது' என்றால் 'ஏன் தெரியாது?' என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார்.

ஒரே சிக்கல் நீளம். அட்டவணைக் கட்டத்துக்குள் 'தெரியாமதிப்பு' அடங்காது. 'தெ.' என்று போடலாமா? ஊர்ப் பத்தியில் அதைத் 'தெற்கு' என்று படித்துவிடுவார்களோ என்று ஒரு யோசனை. புதுச்சேரி நண்பர்கள் இந்தச் சொற்கள் வரும் கையேட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்குள் யாருக்காவது நல்ல சுருக்கம் தோன்றினால் இதே இழையில் போடுங்கள்.