ஓட்டு போடவே மனசு வரல... சென்னையில பாதி பேர் ஏன் போடறதில்லைன்னு இப்பத்தான் புரியுது

வேளச்சேரிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கறதோட சரி, எழுதினதில்ல, ஆனா இப்ப யார்கிட்டயாவது கேட்டே ஆகணும். எங்க வீட்டுல அப்பா திமுக, பெரியப்பா எம்ஜிஆர் காலத்துலேர்ந்து இரட்டை இலை, தம்பி காலேஜ் படிக்கறான், அவனுக்கு தவெக தவிர வேற பேச்சே கிடையாது. முன்னாடியும் சண்டை போடுவாங்கதான், ஆனா சாப்பிட உட்கார்ந்தா முடிஞ்சிரும். இப்ப அப்படி இல்ல. தீபாவளிக்கு வந்தப்ப பேச்சு முத்திப்போயி பெரியப்பா பாதி சாப்பாட்டுல எழுந்து போயிட்டாரு, ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல இருந்தும் வெளிய போயிட்டாரு, பொங்கலுக்கு வரமாட்டேன்னு பெரியம்மா ஃபோன்ல சொல்லி அழறாங்க. எங்க அபார்ட்மெண்ட் குரூப்லயும் இதே கதைதான், தண்ணி லாரி எப்ப வருதுன்னு கேக்க வேண்டிய இடத்துல ஒருத்தரை ஒருத்தர் வாயில வரக்கூடாத வார்த்தையால திட்டிக்கறாங்க.

இவ்ளோ சண்டை போடற ஊரு ஓட்டு போடுதான்னு பார்த்தா அதுவும் இல்ல. 2021ல எங்க வேளச்சேரி தொகுதிதான் தமிழ்நாட்டுலயே கடைசி, 55.95 சதவீதம். அதே எலெக்ஷன்ல பாலக்கோட்டுல 87க்கு மேல. 2024ல தென்சென்னையும் மத்திய சென்னையும் 54 பக்கத்துல நின்னுச்சு, தர்மபுரி 81. எனக்கு நிஜமாவே வெறுத்துப்போச்சு. நோட்டால போட்டா ஏதாவது பிரயோஜனம் இருக்கா, இல்ல பேசாம வீட்டுலயே இருந்துடலாமா? திட்டாம பதில் சொல்லுங்க ப்ளீஸ்.

மாம்பலம்_வாசி:
ம்மா, வீட்டுல இருந்துடலாமான்னு கேக்கறதுக்கு முன்னாடி எங்க தி.நகர் ரிசல்ட்டை ஒரு தடவை பாரும்மா. 2021ல திமுக கருணாநிதி ஜெயிச்சது அதிமுக சத்தியநாராயணனை விட 137 ஓட்டு கூட வாங்கி. 137. எங்க தெருவுல ரெண்டு அபார்ட்மெண்ட்ல இருக்கற ஆளுங்க அவ்ளோதான். அந்தத் தொகுதியில ஓட்டு போடாதவங்க ஒரு லட்சத்துக்கு மேல. யார் ஜெயிச்சது நல்லது கெட்டதுன்னு நான் சொல்ல வரல, ஆனா எண்ணி முடிக்கற வரைக்கும் ரெண்டு பக்கமும் மூச்சைப் பிடிச்சுட்டு இருந்தாங்க. ராதாபுரத்துல 2016ல 49 ஓட்டு வித்தியாசம், அது கோர்ட்டு வரைக்கும் போச்சு. "என் ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது"ன்னு என்கிட்ட யாரு வந்து சொன்னாலும் இந்த ரெண்டையும்தான் சொல்லுவேன்.

நோட்டா பத்தி: 2013ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பால வந்தது. அதுக்கு முன்னாடி 49ஓன்னு ஒண்ணு இருந்துச்சு, பூத் ஆபீசர்கிட்ட போய் யாருக்கும் போடலைன்னு வாயத் தொறந்து சொல்லணும், எல்லாருக்கும் தெரிஞ்சிரும். நோட்டாவுல அந்த ரகசியம் காப்பாத்தப்பட்டுச்சு, அவ்ளோதான். நோட்டா எல்லாரையும் விட அதிகம் வாங்கினாலும் சட்டமன்ற, பார்லிமெண்ட் எலெக்ஷன்ல அடுத்து இருக்கற வேட்பாளர் ஜெயிச்சதா அறிவிப்பாங்க. இதைத் தெரிஞ்சுட்டுப் போடு, போடக்கூடாதுன்னு நான் சொல்லல.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்:
சென்னைக்காரன் சோம்பேறின்னு சொல்றவங்க மேல எனக்குச் செம கோவம் வரும், சொல்லிடறேன். எனக்கு சொந்த ஊரு தேனி பக்கம். என் ஓட்டு இன்னும் அங்கதான். இங்க பக்கத்து சீட்டுல இருக்கறவன் திருநெல்வேலி, டீம்ல பாதிப்பேருக்கு மேல இப்படித்தான். இதுல சில பேருக்கு ரெண்டு இடத்துலயும் பேரு இருக்கு, சட்டப்படி அது தப்பு, ஆனா வாடகை வீட்டுக்கு மாறி மாறி போறப்ப யாரும் பழைய பேரை எடுக்கச் சொல்றதில்ல. அவன் ஊருக்குப் போய் ஓட்டு போட்டுட்டு வர்றான், சென்னை லிஸ்ட்ல "போடாதவன்"னு கணக்காயிடறான்! அதே மாதிரி 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை, லாங் வீக்கெண்டுன்னு எல்லாரும் ஊட்டிக்குப் போயிட்டாங்கன்னு மீம் போட்டாங்க. அன்னைக்கு கிளாம்பாக்கத்துல குழந்தையைத் தூக்கிட்டு பஸ்ஸுக்கு நின்ன கூட்டம் ஓட்டு போடத்தானே போச்சு?

லீவு விஷயமும் சொல்றேன். ஓட்டுப்பதிவு அன்னைக்கு சம்பளத்தோட லீவு விடணும்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 135பி பிரிவு இருக்கு, தினக்கூலிக்கும் சேர்த்துதான். ஆனா நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனில முந்தின நாள் நைட் ஷிஃப்ட் காலையில முடியும், மறுபடி சாயங்காலம் லாகின் பண்ணணும். நடுவுல தேனிக்குப் போயிட்டு வர முடியுமா சொல்லுங்க.

பூத்_டியூட்டி_டீச்சர்:
நான் அரசுப் பள்ளி ஆசிரியை, தேர்தல் பணிக்குப் போறவ. இங்க எழுதினதுல ரெண்டு மூணு விஷயத்துக்கு உள்ள இருந்து பார்த்தவளா பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

முதல்ல அந்த சதவீதம். 2024ல அன்னைக்கு ராத்திரி 7 மணிக்கு மாநிலம் முழுக்க 72.09னு சொன்னாங்க, நடுராத்திரி தாண்டினதும் 69.46, கடைசியா 69.72னு நின்னுச்சு. தென்சென்னைக்கு முதல்ல 67க்கு மேல சொல்லிட்டு அப்புறம் 54னு வந்ததும் ஜனங்க ஏதோ தில்லுமுல்லுன்னு கொதிச்சுப் போயிட்டாங்க. நடந்தது என்னன்னா முதல்ல சொன்னது ஆப்ல கொஞ்ச பூத்துலேர்ந்து வந்த கணக்கை வச்சு போட்ட தோராயம். உண்மையான கணக்கு 17சி படிவத்துல இருக்கு, அதை பூத் முடிஞ்சதும் ஒவ்வொரு கட்சி ஏஜெண்டுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறோம். ராத்திரி அந்தப் படிவத்தை எழுதி, மெஷினுக்கு சீல் வச்சு, வண்டி வர்ற வரைக்கும் அந்த ஸ்கூல் பெஞ்சுலயே உட்கார்ந்திருக்கறது நாங்கதான். அதனால "எல்லாமே ஃபிராடு, ஓட்டு போட்டு என்ன"ன்னு ஃபார்வர்டு வந்தா தயவுசெஞ்சு அப்படியே நம்பாதீங்க. தப்பு நடந்தா வெளிய வரவும் செய்யுது, உங்க வேளச்சேரியிலயே 2021ல மெஷினை டூவீலர்ல வச்சு எடுத்துட்டுப் போனது பிடிபட்டு 92ம் நம்பர் பூத்துக்கு மறுவாக்குப்பதிவு நடந்துச்சே.

பூத்துல எனக்கு வயித்தைப் பிசையற விஷயம் வேற. வயசானவங்க புடவை தலைப்புல வாக்காளர் அட்டையை முடிஞ்சு வச்சுட்டு வெயில்ல வரிசைல நின்னு வருவாங்க, லிஸ்ட்ல பேரு இருக்காது. அட்டை கையில இருக்கு, அந்தம்மா எதிர்ல நிக்கறாங்க, ஆனா பேரு இல்லைன்னா ஒண்ணும் பண்ண முடியாது. அட்டை இல்லாம ஆதார், பான், பாஸ்போர்ட்னு எதைக் காட்டியும் போடலாம், லிஸ்ட்ல பேரு இல்லாம எதைக் காட்டியும் போட முடியாது. சினிமா பார்த்துட்டு 49பி கேக்கறவங்களும் உண்டு, அது உங்க பேர்ல வேற ஒருத்தர் ஏற்கனவே போட்டுட்டா மட்டும்தான். அப்படித் திரும்பி நடந்து போறவங்களையும் சேர்த்துத்தான் மறுநாள் பேப்பர்ல "சென்னை மக்கள் ஆர்வம் காட்டவில்லை"ன்னு எழுதறாங்க.

இப்ப எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியலை வீடு வீடா சரிபார்த்துத் திருத்தற வேலை) கணக்கெடுப்பு முடிஞ்சு 2025 டிசம்பர் 19 வரைவுப் பட்டியல் வந்துச்சே, சென்னை மாவட்டத்துல மட்டும் 40 லட்சம் பேர் இருந்த லிஸ்ட் 26 லட்சத்துக்கும் கீழ வந்துருச்சு. 14 லட்சத்துக்கு மேல போச்சு. அதுல பெரும்பாலானவங்க இடம் மாறினவங்கன்னு குறிச்சிருக்காங்க, செத்துப்போனவங்க பேரும் லட்சத்துக்கு மேல. அப்போ இத்தனை வருஷம் பாதிப்பேர் போடலைன்னு நாம திட்டின அந்தப் பாதியில எத்தனை பேர் நிஜமாவே அங்க இருந்தாங்க? இந்த 2026 எலெக்ஷன்ல போடறவங்க எண்ணிக்கை ஏறவே இல்லைன்னாலும் சதவீதம் ஏறிடும், ஏன்னா வகுக்கற நம்பரு சின்னதாயிடுச்சு. அதைப் பார்த்து யாரும் பெருமைப்படாதீங்க. விட்டுப்போன நிஜமான ஆளுங்க எத்தனை பேருன்னுதான் கவலைப்படணும்.

கூவம்கரை:
டீச்சர் சொன்ன "இடம் மாறினவங்க"ல நாங்க இருக்கோம். மாறல, மாத்தினாங்க. சென்ட்ரல் பக்கத்துல சத்தியவாணி முத்து நகர்ல இருந்தோம், 2019 டிசம்பர்ல பெரும்பாக்கத்துக்குக் கொண்டு வந்து விட்டாங்க, அரைப் பரீட்சை நேரம், பசங்க புக்கு கூட எதுல போச்சுன்னு தெரியல. ஆதார் அட்ரஸ் மாத்தறதுக்கே அலைஞ்சோம், ரேஷன் கார்டு மாத்தறதுக்கு அலைஞ்சோம், ஓட்டு மட்டும் அப்படியே அங்கயே இருந்துச்சு, ஓட்டு போடணும்னா பொழுது விடியறதுக்கு முன்னாடி கிளம்பி ரெண்டு பஸ் மாறி பழைய இடத்துக்குப் போகணும், அன்னைக்கு வீட்டு வேலை போச்சு, காசும் போச்சு, ஆனாலும் எங்கம்மா போச்சு, எலெக்ஷன்னா போயே ஆகணும்னு சொல்லும். அங்க போனா பழைய ஜனங்களை எல்லாம் பார்க்கலாம்னும் ஒரு ஆசை.

இப்ப கணக்கெடுக்க வந்தப்ப பழைய இடத்துக்கு ஃபார்ம் போயிருக்கு, அங்க யாரு இருக்கா வாங்கறதுக்கு? இங்க வந்து கேட்டா உங்க பேரு இங்க இல்லைங்கறாங்க. கடைசியா இதே மாதிரி திருத்தம் நடந்த 2002, 2005 லிஸ்ட்ல அப்பா அம்மா பேரைத் தேடணும்னாங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்க எந்தப் பாகம் எந்த வரிசைன்னு எங்க போய்த் தேடுவாங்க. எங்க பிளாக்ல காலேஜ் படிக்கற பொண்ணுங்க சில பேர் ஃபோனை வச்சுட்டு வீடு வீடா ஏறி இறங்கி தேடிக் கொடுத்தாங்க, அதுல எங்கம்மா பேரு இருக்கற பக்கம் கிடைச்சப்ப அது ஃபோனைக் கையில வாங்கித் தடவிப் பார்த்துச்சு. சோழிங்கநல்லூர் தமிழ்நாட்டுலயே பெரிய தொகுதின்னு சொல்லுவாங்க, ஆறேமுக்கால் லட்சத்துக்கு மேல ஓட்டு இருந்துச்சு, ஐடி கம்பெனியும் அதுலதான் நாங்களும் அதுலதான். எங்க பேரு இந்த லிஸ்ட்ல ஏறினாத்தான் லிஃப்ட் வேலை செய்யலன்னும் தண்ணியில சாக்கடை கலக்குதுன்னும் எம்எல்ஏகிட்ட போய் நிக்கறப்ப "நீ எந்தத் தொகுதி"ன்னு கேட்டா பதில் சொல்ல முடியும். எங்களுக்கு ஓட்டு அதுக்குத்தான். தங்கச்சி, உனக்குப் பேரு இருக்குல்ல, போடாம இருக்காத.

நுங்கம்பாக்கம்_82:
எல்லாரும் சொல்றது சரி, ஆனா அந்தப் பொண்ணு கேட்டது வெறுப்பு பத்தி, அதுக்கு யாரும் பதில் சொல்லல. எனக்கும் அந்த வெறுப்பு இருக்கு, அது அலட்சியம் இல்ல. சென்னை மாநகராட்சிக்கு 2016லேர்ந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே கிடையாது. 2011க்கு அப்புறம் எலெக்ஷனே நடத்தல. தெருவிளக்கு எரியலன்னா யாரைப் போய்க் கேக்கறதுன்னு தெரியாம ஆறு வருஷம். அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. 2022 பிப்ரவரில நடத்தினப்ப சென்னையில 44 சதவீதம் கூடத் தொடல, மாநிலம் முழுக்க 60க்கு மேல போட்டாங்க. கூப்பிட வேண்டிய நேரத்துல கூப்பிடாம இருந்தா வர்றவன் எப்படி வருவான்? ஓட்டு போடாம இருக்கறதையும் ஒரு கருத்தா எடுத்துக்கணும்னுதான் நான் நினைக்கறேன்.

மாம்பலம்_வாசி:
கருத்துன்னு நீங்க நினைக்கறீங்க சார். அதை எண்ணறவங்க யாரு? செத்துப்போனவங்க, ரெண்டு இடத்துல பேரு இருக்கறவங்க, பெரும்பாக்கத்துலேர்ந்து பழைய இடத்துக்கு வர பஸ் காசு இல்லாதவங்க, கோவமா வீட்டுல உட்கார்ந்திருக்கற நீங்க, எல்லாரும் லிஸ்ட்ல ஒரே கோடுதான். உங்க கோவம் தனியா தெரியணும்னா நோட்டாவையாவது அமுக்குங்க, அதுக்காவது ஒரு நம்பர் வரும்.

வேளச்சேரிப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கூவம்கரை அக்கா எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அப்புறம்தான் வரைவு லிஸ்ட்ல எங்க பேரெல்லாம் இருக்கான்னு தேடினேன்... அப்பா, நான், தம்பி இருக்கோம். அம்மா பேரு இல்ல. நீக்கின லிஸ்ட்ல "நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்"னு போட்டிருக்கு. நவம்பர்ல பாட்டிக்கு ஆபரேஷன்னு அம்மா விழுப்புரத்துல இருந்தாங்க, அப்பாதான் ஃபார்மை எல்லாம் ஃபில் பண்ணி கொடுத்ததா சொல்றாரு, அம்மா ஃபார்ம் மட்டும் போய்ச் சேரல போல. இத்தனை மாசமா வீட்டுல யாரு எந்தக் கட்சின்னு அடிச்சுக்கிட்டோம், இதை ஒருத்தரும் பார்க்கல. எனக்குக் கை காலெல்லாம் பதறுது. டீச்சர், என்ன செய்யணும்?

பூத்_டியூட்டி_டீச்சர்:
பதறாதம்மா, நேரம் இருக்கு. 2026 ஜனவரி 18 வரைக்கும் சேர்க்கைக்கும் ஆட்சேபணைக்கும் டைம், ஆனா நடுவுல பொங்கல் லீவு வருது, அதனால தள்ளிப் போடாத. பேரு இல்லாதவங்களுக்கு ஃபார்ம் 6, அதோட உறுதிமொழிப் படிவம் ஒண்ணு தனியா இருக்கு, அதையும் சேர்த்துக் கொடுக்கணும், அதை விட்டுட்டுத்தான் நிறைய பேர் திரும்ப அலையறாங்க. (பேரு இருந்து வீடு மட்டும் மாறியிருந்தா ஃபார்ம் 8, அது வேற.) 2002 லிஸ்ட்லயோ 2005 லிஸ்ட்லயோ அம்மா பேரோ, அம்மாவைப் பெத்தவங்க பேரோ இருக்கற தொகுதி, பாகம், வரிசை எண்ணைத் தேடிக் குறிச்சு வை, விழுப்புரம் பக்கம் தேடு, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த ஊரு அதானே. ஆன்லைன்லயும் போடலாம், ஆனா நான் நேரா பிஎல்ஓகிட்ட (உங்க பூத் லிஸ்டைப் பார்த்துக்கற அலுவலர்) கொடுக்கத்தான் சொல்லுவேன், சனி ஞாயிறுல உங்க பூத் இருக்கற ஸ்கூல்லயே கேம்ப் போடறப்ப போங்க. சந்தேகம்னா வாக்காளர் உதவி எண் 1950க்கு ஃபோன் பண்ணு. அப்புறம் உங்க பெரியப்பா பெரியம்மா பேரையும் பார்த்துடு. கொடுத்ததுக்கு ரசீது வாங்காம அந்த இடத்தை விட்டு வராத.

கூவம்கரை:
டீச்சர், பெரும்பாக்கத்துக்கும் அதே தேதிதானே? எங்க பிளாக்ல இன்னும் நிறைய பேருக்குத் தெரியாது, நீங்க சொன்னதைப் பெருசா எழுதி லிஃப்ட் பக்கத்துல ஒட்டப்போறேன். உறுதிமொழிப் படிவம் கேம்ப்லயே கொடுப்பாங்களா, இல்ல நாங்க ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போகணுமா?

பூத்_டியூட்டி_டீச்சர்:
அதே தேதிதான்மா. கேம்ப்ல கொடுக்கணும், ஆனா தீர்ந்துபோச்சுன்னு திருப்பி அனுப்பிட்டா ஒரு நாள் வேலை போயிடும், அதனால கையில கொஞ்சம் ஜெராக்ஸ் வச்சுக்கங்க.