இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள்: ஏஜென்சியா, ஏரியா அக்காவா?

மேடவாக்கம் மது:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரட்டைக் குழந்தைகள், ஒரு பையன் ஒரு பெண், நாலரை மாதம் ஆகிறது. 34 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள், பெண் இன்னும் எடை குறைவுதான். 26 வார விடுப்பு முடிய ஒன்றரை மாதம் இருக்கிறது, அதற்குள் ஆள் பார்த்தாக வேண்டும். மாமியார் கூடவே இருக்கிறார், ஆனால் முட்டிவலி, உட்கார்ந்த இடத்தில் மடியில் போட்டால் எவ்வளவு நேரமானாலும் வைத்துக்கொள்வார், தரையிலிருந்து தூக்கச் சொல்ல முடியாது. என் அம்மா திருநெல்வேலியில், அப்பாவை விட்டுவிட்டு வர முடியாத நிலை.

இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒரு ஏஜென்சியில் வீட்டோடு தங்கும் ஆளைத் தருகிறோம் என்கிறார்கள், மாதம் 24,000, அதுபோக ஒரு மாதச் சம்பளம் அவர்களுக்குக் கமிஷன், நடுவில் நின்றுவிட்டால் வேறு ஆள் அனுப்புவார்களாம். இன்னொன்று, எங்கள் பிளாக்கிலேயே வேறொரு வீட்டில் வேலை பார்த்த அக்கா, பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார், காலை எட்டு முதல் மாலை ஆறரை வரை, 16,000 கேட்கிறார். அவர் வளர்த்த குழந்தை இப்போது எல்கேஜி போகிறது, இன்னமும் லிஃப்டில் பார்த்தால் அவரிடம் தாவுகிறது. வீட்டுக்காரர் ஏஜென்சி என்கிறார், எனக்கு மனசு அக்கா பக்கம். என்ன செய்யலாம்?

அண்ணாநகர் வித்யா:
ஏஜென்சிதான், யோசிக்கவே வேண்டாம். ஒற்றைக் குழந்தை என்றால் பகலில் மட்டும் ஆள் வைத்துச் சமாளிக்கலாம், இரட்டைக்கு ராத்திரிதான் பிரச்சினையே. ஒன்று பால் குடித்துத் தூங்கும்போது அடுத்தது எழும், அதைத் தூங்க வைப்பதற்குள் முதலில் தூங்கியது மறுபடி எழும், இதில் நீங்கள் காலையில் எழுந்து ஓஎம்ஆர் டிராஃபிக்கில் போய் மீட்டிங்கில் உட்கார வேண்டும். அப்புறம் ஏரியா ஆட்கள் திடீரென்று வரமாட்டார்கள். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், சொந்தத்தில் சாவு, மழையில் ரோட்டில் தண்ணீர் என்று ஏதாவது ஒன்று இருக்கும், ஒவ்வொரு முறையும் மேனேஜரிடம் நீங்கள்தான் தலைகுனிந்து நிற்க வேண்டும். பணம் கூடத்தான், ஆனால் கேட்பதற்கு ஒரு இடம் இருக்கிறது.

தாம்பரம் கீதா:
வித்யா, கேட்பதற்கு இடம் இருக்கிறது என்கிறீர்கள், அந்த இடத்தில் போனை எடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி. கமிஷன் வாங்கும் வரை தினம் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு ஏஜென்சி அனுப்பிய ஆளுக்கு "போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்தது" என்றார்கள், காகிதத்தைக் காட்டுங்கள் என்றால் ஆதார் ஜெராக்ஸ்தான் வந்தது. மது, ஏஜென்சியோ அக்காவோ, தமிழ்நாடு போலீஸின் இணையதளத்தில் வீட்டு வேலையாளுக்கான சரிபார்ப்புக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், அதற்கு ஏஜென்சி தேவையில்லை. வேறு ஆள் அனுப்புவோம் என்பதும் கேட்க நன்றாக இருக்கும். ஆறேழு மாதத்தில் குழந்தை முகம் பார்க்க ஆரம்பித்துவிடும், புது ஆள் தூக்கினாலே அலறும், அந்த நேரத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு புதுமுகம் வந்தால் இரண்டும் சேர்ந்து அழும்.

ஒன்று செய்யுங்கள். அந்த அக்காவை வீட்டுக்கு வரச் சொல்லி, உங்கள் முன்னால் ஒரு பாட்டில் பால் கலக்கச் சொல்லுங்கள். டின்னைத் திறக்கும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுகிறாரா, தண்ணீரை முதலில் அளந்து ஊற்றிவிட்டுப் பொடி போடுகிறாரா, ஸ்பூனைத் தலைதட்டிப் போடுகிறாரா, குழந்தை மிச்சம் வைத்த பாலை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கிறாரா கொட்டுகிறாரா, எல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "ஒன்றைப் பத்திரமாகப் பாயில் படுக்க வைத்துவிட்டுப் பசிக்கிறதை முதலில் எடுப்பேன்" என்றால் சரியான ஆள். இரண்டையும் இரண்டு தோளில் தூக்கிக்கொள்வேன் என்றால் எனக்குப் பயம்தான்.

பெரம்பூர் விக்னேஷ்:
எங்களுக்கும் இரட்டைதான், இப்போது மூன்று வயது. ஆறு மாதத்தில் இரண்டு குழந்தைகளை ஒரு ஆள் தனியாகப் பார்க்கவே முடியாது, அது ஏஜென்சி ஆளாக இருந்தாலும் சரி, ஏரியா அக்காவாக இருந்தாலும் சரி. ஒருத்தனுக்குக் கால் கழுவிவிடப் பாத்ரூமுக்குப் போனால் இன்னொருவன் கட்டிலில் உருள்கிறான். மாமியார் மடியில் வைத்துக்கொள்வார் என்பது நல்ல விஷயம், ஆனால் அவர் வயதானவர், அவருக்கே சாப்பாடு மருந்து பார்க்க வேண்டும். முடிந்தால் சம்பளமில்லா விடுப்பு கேட்டு ஒரு வயது வரை தள்ளுங்கள் என்பேன். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு நம் மாநிலத்தில் 2021 முதல் 12 மாதம் கிடைக்கிறது, தனியாரில்தான் 26 வாரத்தோடு கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார்கள்.

தாம்பரம் கீதா:
யாருடைய சம்பளமில்லா விடுப்பு, விக்னேஷ்? மதுவுடையதா, அவர் வீட்டுக்காரருடையதா? அதையும் எழுதுங்கள்.

பெரம்பூர் விக்னேஷ்:
யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் என் மனைவிதான் முதலில் வேலைக்குத் திரும்பினாள், நான் மூன்று மாதம் வீட்டில் இருந்தேன், அதனால்தான் ஒரு ஆளால் முடியாது என்று அடித்துச் சொல்கிறேன். இன்னொரு வழியும் இருக்கிறது மது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், ஒரு நாளைக்கு நாலு முறை தாய் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். உங்கள் ஹெச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள்.

மேடவாக்கம் மது:
கேட்டேன் அண்ணா, பக்கத்து வளாகத்தில் ஒரு காப்பகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரையும் தினம் சோழிங்கநல்லூர் வரை காரில் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும், மற்ற குழந்தைகளிடமிருந்து சளி ஒட்டினால் பெண்ணுக்கு நெஞ்சு கட்டிக்கொள்கிறது. ஒரு வயது வரையாவது வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டரும் சொல்கிறார்.

கண்ணகி நகர் பொண்ணு:
இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன், வித்யா அக்கா எழுதியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா அடையாறில் குழந்தை பார்க்கிற வேலை செய்துதான் என்னைப் படிக்க வைத்தார். "ஏரியா ஆட்கள் வரமாட்டார்கள்" என்கிறீர்கள். சிட்டிக்குள் ஆற்றோரம் குடியிருந்தவர்களை 2000-லிருந்து கொண்டுவந்து கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் போட்டது யார்? வேலை அடையாறிலும் மயிலாப்பூரிலும், வீடு இங்கே. சாதா பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகுதான் எங்கள் அம்மா கையில் கொஞ்சம் காசு நின்றது, அதற்கும் அந்த பஸ் வர வேண்டும். மழையில் ரோட்டில் தண்ணீர் நின்றால் உங்களுக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம், எங்கள் அம்மாவுக்கு சம்பளப் பிடித்தம்.

மது அக்கா, அந்த அம்மா 16,000 கேட்பது ஒரு குழந்தைக்கா இரண்டுக்கா என்று பாருங்கள். இரண்டு குழந்தை என்றால் இரண்டு மடங்கு துணி, இரண்டு மடங்கு பாட்டில், இடுப்பு வலியும் இரண்டு மடங்கு. வாரம் ஒரு நாள் லீவு, வருடத்துக்கு இத்தனை நாள் சம்பளத்தோடு லீவு, தீபாவளிக்கு ஒரு மாத போனஸ், எல்லாவற்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். லீவு இவ்வளவு என்று முன்னாலேயே தெரிந்தால் யாரும் பொய்க்குச் சாவு சொல்ல மாட்டார்கள். வீட்டு வேலை செய்பவர்களுக்கு 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது, அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் பதிவு செய்ய உதவுங்கள். கேமரா வைப்பதாக இருந்தால் சொல்லிவிட்டு வையுங்கள், அவர் உடை மாற்றுகிற இடத்தில் வைக்காதீர்கள்.

அண்ணாநகர் வித்யா:
உங்கள் கோபம் நியாயம், அந்த வரியை நான் அப்படி எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆனால் என் வீட்டில் தங்கி வேலை பார்ப்பவருக்குத் தனி ரூம், ஞாயிறு முழுக்க லீவு, ராத்திரி ஒரு நாள் அவர் விழித்தால் மறுநாள் நான். தங்கி வேலை செய்வதே தப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம். ராத்திரி ஆள் இல்லாமல் இரட்டைக் குழந்தைகளோடு வேலைக்குப் போக முடியாது என்பதில் நான் மாறவில்லை.

குரோம்பேட்டை நர்ஸம்மா:
யாரை வைத்தாலும் இதைக் கவனியுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இரும்புச்சத்து சொட்டு மருந்து கொடுப்போம், இரட்டையரில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒரே குழந்தைக்கு இரண்டு தடவை கொடுத்துவிட்டு அடுத்ததை விட்டுவிடுவது. காய்ச்சல் மருந்து எடைக்குத் தகுந்த அளவு, உங்கள் பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே அளவு வராது. மருந்து பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள், ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு பால், மருந்து, மலம், சிறுநீர் எல்லாவற்றையும் கொடுத்தவரே அப்போதே எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சிவப்பு, நீலம் என்று கலர் வைத்துக் கோடு போடச் சொல்லலாம். முடிந்தவரை மருந்து மட்டும் காலையிலும் இரவிலும் நீங்களே கொடுங்கள்.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதுவது, நாக்கில் தேனும் வசம்பும் தடவுவது, சாம்பிராணிப் புகை, எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. இதைப் பெரும்பாலும் சொல்வது வேலைக்கு வருகிறவர் இல்லை, வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான், நடுவில் மாட்டிக்கொள்வது அந்த அக்கா. "அம்மா சொன்னால்தான் செய்வேன்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதை மாமியார் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

மேடவாக்கம் மது:
எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடமும் படிக்கக் கொடுத்தேன். அக்காவையே வைக்கிறோம். பாட்டில் கலக்கச் சொன்னேன், கீதா சொன்னது அத்தனையும் சரியாகச் செய்தார், ஸ்பூனைத் துடைக்க நான் நீட்டிய துணியை வாங்காமல் வெந்நீரில் போட்டார். சம்பளம் 20,000 பேசியிருக்கிறோம், நான் சேரும் முன் மூன்று வாரம் முழுச் சம்பளத்தோடு என் கூடவே இருப்பார், பகலில் மேல்வேலைக்கு வேறு ஒருவர் வருவார், அவர் அரை நாள் துணைக்கு இருப்பார். ராத்திரி பன்னிரண்டு வரை வீட்டுக்காரர், அதற்கு மேல் நான்.

அண்ணாநகர் வித்யா:
நல்லபடியாக நடக்கட்டும். இரண்டு குழந்தைக்கும் காய்ச்சல், அன்றைக்கு அக்காவும் வரவில்லை, அந்த நாள் கண்டிப்பாக வரும். அன்றைக்கு யார் லீவு போடுவது என்று பேசிவிட்டீர்களா?

மேடவாக்கம் மது:
பேசிவிட்டோம். முதல் நாள் அவர், இரண்டாவது நாள் நான். அதையும் அதே தாளில் எழுதி வைத்திருக்கிறோம்.