மோடத்தை பிரிட்ஜ் ஆக்கியதும் நெட் போய்விட்டது, உதவி தேவை

மாடிவீடு:
எங்கள் ஊரில் ஃபைபர் இல்லை, செம்புக் கம்பி ஏடிஎஸ்எல்தான். மோடத்தின் வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று புது ரவுட்டர் வாங்கினேன். மோடத்தில் பிரிட்ஜ் இணைப்பு (மோடம் தான் உள்நுழையாமல், லைனை அப்படியே ரவுட்டருக்குக் கடத்துவது) போட்டு, அதன் லேன் போர்ட்டிலிருந்து ரவுட்டரில் இணையம் உள்ளே வரும் வேன் போர்ட்டுக்கு கேபிள் கொடுத்தேன். யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் ரவுட்டரில்தான். டிஎஸ்எல் விளக்கு நின்று எரிகிறது. ஆனால் ரவுட்டர் நேற்று ராத்திரியிலிருந்து 'கனெக்டிங்' என்றே சொல்கிறது, ஐபி 0.0.0.0. வீட்டில் திட்டு வேறு.

பழையவயர்:
விளக்கு நின்று எரிந்தால் எக்ஸ்சேஞ்ச் வரை கம்பி சரி. பழைய பிபிபிஓஇ இணைப்பை, அதாவது யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்நுழைவதை, மோடத்தில் அழித்தீர்களா? லைனின் பாதையைக் குறிக்கும் விபிஐ, விசிஐ எண்கள் என்ன?

மாடிவீடு:
அழிக்கவில்லை, பக்கத்தில் புதிதாகச் சேர்த்தேன். பழையது 0/35. புதியதில் மோடமே 8/35 என்று காட்டியது, அப்படியே விட்டேன்.

பழையவயர்:
பிடித்துவிட்டோம் தம்பி. உங்கள் லைன் 0/35 பாதையில்தான் ஓடுகிறது. 8/35இல் ரவுட்டர் கத்தினால் எதிர்முனையில் கேட்க ஆள் இல்லை. பழையதை அழித்துவிட்டு, பிரிட்ஜுக்கு 0/35, தரவைப் பொதியும் முறைக்கு எல்எல்சி என்று கொடுங்கள். பழையது இருக்கும்வரை மோடமே உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே யூசர்நேமில் இரண்டாவது ஆளைப் பல இடங்களில் விடமாட்டார்கள். மாற்றியபின் மோடத்தைப் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள், தொங்கிக்கொண்டிருக்கும் பழைய செஷன் அறுபடட்டும்.

அப்படியே மோடத்தின் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுப்பது) நிறுத்தி, மோடத்தின் முகவரியை 192.168.10.1 ஆக்குங்கள். பின்னால் அதன் பக்கத்தைப் பார்க்க லேப்டாப்பை நேரே செருகி, கையால் 192.168.10.2 போட வேண்டும். இதை எங்காவது எழுதி வையுங்கள். நான் எழுதாமல் விட்டு, ரீசெட் குச்சியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

மாடிவீடு:
வந்துவிட்டது அண்ணே! ஆனால் வங்கித் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. வீடியோ ஜோராக ஓடுகிறது.

இரவுப்பணி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரவுட்டரில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) 1500 என்று இருக்கிறதா? பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. பெரிய பாக்கெட் வழியில் மாட்டிக்கொண்டு, 'பாக்கெட் பெரிது' என்ற செய்தியும் திரும்பி வராவிட்டால் தளம் இப்படித்தான் சுற்றும். சோதிக்க, துண்டாக்காதே என்ற தேர்வோடு 1464 பைட் பிங் (சோதனைப் பாக்கெட்) விடுங்கள். பிங்கின் சொந்தத் தலைப்பு 28 பைட் சேர்ந்தால் சரியாக 1492. அது போய், 1472 போகாவிட்டால் இதுதான் காரணம்.

மாடிவீடு:
1464 போகிறது, 1472 போகவில்லை. யாரோ சொன்னார்கள் என்று நான்தான் 1500 போட்டிருந்தேன். 1492 ஆக்கினேன், வங்கி திறந்துவிட்டது. மோடத்தின் அடியில் 192.168.10.1 என்று ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று.