கோட் ரன்னர்: ஸ்கேன்எஃப் வரியில் நின்றுவிடுகிறது, எண்ணை டைப் செய்ய முடியவில்லை

கேள்வி:
விண்டோஸ் 11, விஎஸ் கோட் எடிட்டர், அதில் நிரலை ஓட்டும் கோட் ரன்னர் நீட்சி, ஜிசிசி கம்பைலர். என் சி புரோகிராம் பிரின்ட்எஃப் மூலம் "ஓர் எண் கொடுக்கவும்" என்று கேட்டுவிட்டு, நான் தட்டும் எண்ணை ஸ்கேன்எஃப்பில் வாங்க வேண்டும். கண்ட்ரோல்+ஆல்ட்+என் அழுத்தினால் அவுட்புட் பகுதியில் "ரன்னிங்" என்ற வரியோடு சரி. "எண் கொடுக்கவும்" கூட வரவில்லை, எதைத் தட்டினாலும் விழவில்லை. கமாண்ட் பிராம்ப்டில் அதே புரோகிராம் நன்றாக ஓடுகிறது.

பதில் 1:
உங்கள் நிரலில் தவறில்லை. அவுட்புட் பகுதி படிக்க மட்டும்தான், உள்ளீடு வாங்காது. கோட் ரன்னர் இயல்பாக அங்கேதான் ஓட்டும்.

பிரின்ட்எஃப் வரி வராததற்குக் காரணம் வேறு. வெளியீடு டெர்மினலுக்குப் (கட்டளை தட்டும் சாளரம்) போகாமல் பைப் (இன்னொரு நிரலுக்குச் செல்லும் வழி) வழியாகப் போகும்போது சி நூலகம் எழுத்துகளை பஃபரில் (தற்காலிக நினைவிடம்) தேக்கிவைக்கும். பஃபர் நிரம்பினாலோ புரோகிராம் முடிந்தாலோதான் வெளியே விடும். உங்களுடையது ஸ்கேன்எஃப்பில் காத்து நிற்பதால் இரண்டுமே நடக்கவில்லை.

முதலில் கண்ட்ரோல்+ஆல்ட்+எம் அழுத்தி நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் "ஏற்கெனவே ஓடுகிறது" என்று மறுத்துவிடும். பிறகு கண்ட்ரோல்+கமா அழுத்தி அமைப்புகளைத் திறந்து, தேடலில் "ரன் இன் டெர்மினல்", கோட் ரன்னருக்குக் கீழே வரும் கட்டத்தில் டிக். கூடவே "சேவ் ஃபைல் பிஃபோர் ரன்" டிக் செய்யுங்கள்; இல்லாவிட்டால் சேமிக்காத திருத்தம் ஓடாது, பழைய விடையே வரும். "பிரிசர்வ் ஃபோகஸ்" டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கர்சர் எடிட்டரிலேயே நிற்கும், நீங்கள் தட்டும் எண் அங்கே நிரல் வரிகளுக்கு நடுவே போய் விழும்.

கேள்வி கேட்டவர்:
ஓடுகிறது, நன்றி. ஆனால் இரண்டாம் முறை ஓட்டும்போது சில நேரம் எண்ணே கேட்காமல் தாறுமாறான விடை வருகிறது. ஒருமுறை "பெர்மிஷன் டினைட்" என்றும் வந்தது.

பதில் 2:
முதல் ஓட்டம் இன்னும் உள்ளீட்டுக்குக் காத்திருக்கும்போதே மறுபடி அழுத்தியிருப்பீர்கள். டெர்மினல் முறையில் நீட்சி செய்வதெல்லாம் கட்டளையை டெர்மினலில் தட்டிவிடுவதுதான். அங்கே புரோகிராம் காத்திருந்தால் அந்தக் கட்டளை வரியே ஸ்கேன்எஃப்புக்கு உள்ளீடாகப் போகும். எண் வேண்டிய இடத்தில் எழுத்து வந்ததும் ஸ்கேன்எஃப் தோற்கும், மாறியில் கிடந்த குப்பை மதிப்பே விடையாகும். லூப்புக்குள் இருந்தால் முடிவில்லாமல் ஓடும். ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணிக்கை 1 தானா என்று எப்போதும் சோதியுங்கள்.

"பெர்மிஷன் டினைட்" வருவது, ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸி கோப்பின் (கம்பைலர் உருவாக்கும் ஓடும் கோப்பு) மேல் எழுத விண்டோஸ் விடாததால். டெர்மினலில் கிளிக் செய்து கண்ட்ரோல்+சி அழுத்தி நிறுத்துங்கள். கண்ட்ரோல்+ஆல்ட்+எம் டெர்மினல் முறையில் பயன்படாது. அதன்பிறகும் வந்தால் டாஸ்க் மேனேஜரில் அந்த எக்ஸியைத் தேடி முடித்துவிடுங்கள்.

பதில் 3:
பைத்தானில் தமிழ் அச்சிடுபவர்களுக்கும் இதே "ரன் இன் டெர்மினல்" டிக் உதவும். விண்டோஸில் அவுட்புட் பகுதிக்குப் போகும்போது பைத்தான் பழைய கோட் பேஜைப் (தமிழ் எழுத்துகள் இல்லாத பழைய எழுத்துப் பட்டியல்) பிடித்துக்கொண்டு யூனிகோட் என்கோட் பிழை தரலாம், டெர்மினலில் பைத்தான் 3.6 முதல் நேராக யூனிகோடிலேயே எழுதும். கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகித் தெரிந்தால் பதற வேண்டாம், டெர்மினல் ஒவ்வொரு குறியையும் கட்டத்தில் வைப்பதால் அப்படி. நகலெடுத்து எடிட்டரில் ஒட்டினால் சரியாகவே இருக்கும்.