தபால்பெட்டியில் யார் பெயர்? பெர்லினுக்குப் புதிதாக வருகிறவர்கள் கவனத்துக்கு

ஹின்டர்ஹவுஸ்:
வாட்ஸ்அப் குழுக்களில் "பத்தே நாளில் பெர்லின்" என்று ஒரு வழிகாட்டி சுற்றுகிறது. எழுதியவர் நம் மன்றத்தில் 'நாலாம்மாடி' என்ற பெயரில் எழுதுகிறவர்தான் என்று நடையைப் பார்த்தாலே தெரிகிறது. அதில் ஒரு வரி: "தபால்பெட்டியில் பெயர் ஒட்டுவது சும்மா சம்பிரதாயம். முகவரியில் மாடி எண்ணும் கதவு எண்ணும் சேர்த்துக் கொடுத்தால் போதும், தபால் வந்துவிடும்."

யாருக்குப் போதும்? பெர்லின் முகவரியில் கதவு எண் என்ற ஒன்றே கிடையாது. பெயர், தெரு, கட்டட எண், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, ஊர். அவ்வளவுதான். ஒரே கட்டட எண்ணில் முன்கட்டு, பக்கக்கட்டு, பின்கட்டு என்று முப்பது வீடு இருக்கும். தபால்காரருக்குத் துப்பு பெயர் ஒன்றுதான். பெட்டியில் அது இல்லையா, இந்த முகவரியில் ஆளைக் கண்டறிய முடியவில்லை என்று குறித்து அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். அவர் மேல் தப்பே இல்லை.

திரும்பிப் போவது கல்யாணப் பத்திரிகை இல்லை சாமி. முதல் மாதத்தில் வருவது டாக்ஸ் ஐடி (வரி அடையாள எண்) கடிதம், வங்கி அட்டை, அதற்குப் பின் வேறொரு நாள் வேறொரு உறையில் பின் நம்பர், மருத்துவக் காப்பீட்டு அட்டை, சமூகக் காப்பீட்டு எண். இதில் ஒன்று திரும்பினாலும் அடுத்தது சிக்கும். சாவி வாங்கிய அன்றே பெட்டியிலும் அழைப்புமணிப் பலகையிலும் பெயர் ஏற வேண்டும். அன்மெல்டுங், அதாவது அலுவலகத்தில் முகவரியைப் பதிவது, அதற்கு அப்புறம்.

நாலாம்மாடி:
வந்துட்டாருய்யா ஹின்டர்ஹவுஸ், பேருக்கேத்த பின்கட்டு மகாராஜா. வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை பிரிச்சுப் பாருங்க. "நாலாம் மாடி, இடது" என்று அச்சடிச்சே இருக்கும். அது முகவரி இல்லாம ஜாதகமா? மாடி எண் போட்டா தபால்காரருக்கு வேலை சுலபம். நான் எழுதினது சரி.

வியன்னா தெரியுமா? 2018-ல் அங்கே நகராட்சிக் குடியிருப்புகளில் அழைப்புமணிப் பலகையிலிருந்து பெயரையே எடுத்துட்டு எண் போட முடிவு பண்ணாங்க. 2,20,000 வீடு. அங்க தபால் நின்னுபோச்சா?

ஹின்டர்ஹவுஸ்:
வியன்னா ஆஸ்திரியாவில் இருக்கிறது. அங்கே உறையிலேயே படிக்கட்டு எண், கதவு எண் எழுதுவது வழக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் உண்டு, அதனால் எண் போட்டார்கள். பெர்லினில் வீட்டுக்கு எண் இல்லை, எதைப் போடுவீர்கள்? அதே 2018-ல் ஜெர்மனியிலும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சாக்கிட்டு இந்தப் பேச்சு கிளம்பியது. பெயர்ப்பலகையைக் கழற்றத் தேவையில்லை என்று தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளே சொன்னதோடு அது அடங்கிவிட்டது.

ஒப்பந்தத்தில் "இடது" என்பது படியேறி வருகிறவரின் இடது கைப் பக்கம். தபால்காரர் படியே ஏறுவதில்லை. பெட்டிகள் கீழே நுழைவாயிலில் வரிசையாக இருக்கின்றன. அதில் நாலாம் மாடி எது என்று எங்கே எழுதியிருக்கிறது?

வட்டக்கச்சி:
தம்பிமார், சண்டை பிடிக்காமல் கேளுங்கோ. ஹின்டர்ஹவுஸ் சொல்லுறது சரி, ஆனால் அரைவாசிதான். கடிதப்பெட்டியில் முழுப்பெயர் எழுத வேண்டியதில்லை. இஞ்சத்தை வழக்கம் குடும்பப்பெயர் மட்டும். அது காணும்.

உள்வாடகைக்கு இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் பிரச்சினை. பிரதான குத்தகைக்காரரின்ர பெயர் மட்டும் பெட்டியில் இருக்கும். கேர் ஆஃப் போட்டால் சரி எண்டு நினைக்கிறது பிழை. நீங்கள் உறையில் எழுதினால் கேர் ஆஃப் இருக்கும், அரசாங்கக் கடிதம் பதிவில் இருக்கிற முகவரிக்கு வரும். அதில் அந்த வரி ஏறியிருக்கும் எண்டு நம்பி இருக்கக் கூடாது. ஆகவே அவையின்ர பெயருக்குக் கீழ உங்கட பெயரும் வேணும்.

முதலெழுத்து:
"அது காணும்"னா? பேர் காணோமா? அதான் பிரச்சினையே!

வட்டக்கச்சி:
காணும் எண்டால் போதும் எண்டு அர்த்தம். தமிழ் தெரியாட்டிக் கேட்டுப் படியுங்கோ.

முதலெழுத்து:
கோவிச்சுக்காதீங்க ஐயா. ஆனா "குடும்பப்பெயர் மட்டும்"னு சொன்னீங்களே, நமக்கு ஏது குடும்பப்பெயர்? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட ஊர்க்காரங்க நாங்க. என் பேர் கார்த்திக்னா பெட்டியில கார்த்திக்னு ஒட்டுவேன். அப்பா முருகேசன் பேரை எதுக்கு ஒட்டணும்? அவர் இங்க குடியிருக்கலையே.

ஹின்டர்ஹவுஸ்:
தீர்மானம் நல்ல தீர்மானம்தான். தபால்காரர் அந்த மாநாட்டுக்கு வரவில்லை.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எது இருக்கிறதோ அதுதான் இங்கே உங்கள் பெயர். அங்கே முருகேசன் என்று இருந்தால் கடிதம் "திரு. முருகேசன்" என்றே வரும். பெட்டியில் கார்த்திக் என்று மட்டும் ஒட்டினால் பாதி நாள் வரும், பாதி நாள் திரும்பும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் இன்னும் வேடிக்கை. பெரும்பாலும் முழுப்பெயரும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போய் விழும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு நிற்கும். அந்தக் கோட்டை ஏற்காத வங்கிப் படிவங்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் போடுவதை ஊரிலேயே, விசாவுக்கு முன்னாலேயே முடிக்க வேண்டும். விசாவுக்கு அப்புறம் மாற்றினால் விசாவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர்.

குடும்பமாக வந்தால் கணவர் கார்த்திக் முருகேசன், மனைவி தேவி கார்த்திக், குழந்தை இனியா கார்த்திக். ஜெர்மன்காரர் பார்வையில் இரண்டு குடும்பம். பெட்டியில் "முருகேசன் / கார்த்திக்" என்று இரண்டும் வேண்டும். மனைவி கல்யாணத்துக்கு முந்தைய பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயரோடு வந்தால் மூன்று. இதையெல்லாம் எழுதாமல் மாடி எண் போடச் சொல்கிறது அந்த வழிகாட்டி.

நாலாம்மாடி:
மாடி எண் *போடாதீங்கன்னு* எந்தச் சட்டம் சொல்லுது? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஹின்டர்ஹவுஸ்:
போடக்கூடாது என்று யார் சொன்னது? *போதும்* என்பதுதான் தப்பு.

நாலாம்மாடி:
போட்டா ஒண்ணும் கெடாதுன்னு ஒத்துக்கிட்டாச்சு. நன்றி.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் கடிதம் திரும்பினால் உலகமே கவிழும் என்கிறீர்கள். டாக்ஸ் ஐடி 11 இலக்கம். அது வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள் சம்பள நாள் வந்தால் ஆறாம் வரிவகுப்பில் (வரி அதிகம் பிடிக்கும் வகுப்பு) பிடித்துவிடுவார்கள் என்று எல்லாக் குழுவிலும் பீதி. வருமான வரிச் சட்டம் 39சி பிரிவைப் பாருங்கள். எண் இல்லாதது ஊழியரின் தவறால் இல்லையென்றால், நிறுவனம் மூன்று மாதம் வரை அவருக்கு உரிய வகுப்பிலேயே பிடிக்க வேண்டும். மனிதவளத்துறைக்கு ஒரு மின்னஞ்சல் போதும். அப்படியே ஆறாம் வகுப்பில் பிடித்தாலும் எண் வந்ததும் சம்பளக் கணக்கில் சரிசெய்வார்கள், இல்லையேல் வருடாந்திர வரிக்கணக்கில் திரும்பும்.

ஹின்டர்ஹவுஸ்:
"ஊழியரின் தவறால் இல்லையென்றால்." நீங்களே எழுதியதை நீங்களே படியுங்கள். பெட்டியில் பெயர் ஒட்டாமல் உட்கார்ந்திருப்பது யார் தவறு? அந்த எண்ணை மறுபடி கேட்டால் மின்னஞ்சலில் தரமாட்டார்கள், தொலைபேசியில் சொல்லமாட்டார்கள். பதிவு செய்த முகவரிக்குத் தபாலில்தான் வரும். எந்தப் பெட்டிக்கு? அதே பெட்டிக்கு!

ஆறாம் வகுப்பில் அடிப்படை வரிவிலக்கே கிடையாது, முதல் யூரோவிலிருந்து பிடிப்பார்கள். வீட்டு டெபாசிட்டும் வாடகையும் கட்ட வேண்டிய மாதத்தில் "பிறகு திரும்பும்" என்பது கணக்குப்பிள்ளைக்கு ஆறுதல், கட்டுகிறவருக்கு இல்லை.

கணக்குப்பிள்ளை:
டெபாசிட் பற்றி நீங்கள் பேசாமல் இருப்பது நல்லது. போன மாதம் மூன்று மாத வாடகையையும் சாவி வாங்கும் முன் மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று அடம்பிடித்தவர் நீங்கள்தானே? குடிமைச் சட்டம் 551-ஆம் பிரிவு: உச்சவரம்பு மூன்று மாத வெறும் வாடகை (இதர செலவுகள் சேராமல்), மூன்று சம தவணையில் கட்டலாம், முதல் தவணை குடித்தனம் தொடங்கும்போது. அன்றைக்கு எங்கே போனது இந்தச் சட்ட ஞானம்?

ஹின்டர்ஹவுஸ்:
அன்றைக்கு நான் சொன்னது, தவணை கேட்டால் வீட்டுக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார் என்று. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தபின் தவணை கேளுங்கள், அதற்குமுன் வாயைத் திறக்காதீர்கள். இழையைத் திருப்பாதீர்கள், பேச்சு தபால்பெட்டியைப் பற்றி.

புதுவரவு:
அண்ணா, அடுத்த வாரம் ஃபிளைட். முதல் மூன்று வாரம் தற்காலிக அறைதான். பதினாலு நாளுக்குள் அன்மெல்டுங் செய்யவில்லை என்றால் அபராதமா? விமானம் இறங்கிய நாளிலிருந்து கணக்கா?

நாலாம்மாடி:
இறங்கின நாளிலிருந்துதான் தம்பி. பாஸ்போர்ட்டுல முத்திரை இருக்குமே.

ஹின்டர்ஹவுஸ்:
ஐயோ! பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவு, *வீட்டில் குடியேறிய* நாளிலிருந்து இரண்டு வாரம். விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதே சட்டம் 27-ஆம் பிரிவில், வெளிநாட்டில் வசிப்பவர், இங்கே எங்கும் பதிவில்லாதவர், தற்காலிகமாகத் தங்கினால் மூன்று மாதம் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு இல்லாமல் டாக்ஸ் ஐடி வராது, குடியிருப்பு அட்டை வேலை நகராது. கட்டாயமில்லை என்பதால் தேவையில்லை என்றாகாது.

தம்பி, நீங்கள் அங்கே குடியேறினீர்கள் என்று வீடு தருகிறவர் எழுதிக் கொடுக்கும் உறுதிச்சீட்டை அறைக்காரர் தருவாரா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். 2015 நவம்பரிலிருந்து அந்தச் சீட்டு இல்லாமல் பதிவு நடக்காது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். சீட்டில் குடியேறிய தேதி, முகவரி, வருகிறவர்கள் எல்லாருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். காசு கொடுத்தால் முகவரி மட்டும் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் போகாதீர்கள். குடியேறாத வீட்டுக்குச் சீட்டுத் தருகிறவருக்கு 50,000 யூரோ வரை அபராதம். தாமதப் பதிவுக்கு உச்சம் 1,000.

பதிவுக்கான சந்திப்பு நேரம் எந்த பியூர்கர்ஆம்டிலும் (குடிமக்கள் சேவை அலுவலகம்) எடுக்கலாம், உங்கள் பேட்டையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையப் பக்கத்தைப் பாருங்கள், ரத்தான நேரங்கள் தென்படும். கிடைக்காவிட்டால் அரசுச் சேவைத் தொலைபேசி எண் 115. நேரம் கிடைக்காமல் இரண்டு வாரம் தாண்டினால், தேடியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டக்கச்சி:
அன்மெல்டுங் படிவத்தில் சமயம் எண்டு ஒரு கட்டம் இருக்கு. ரோமன் கத்தோலிக்கம் எண்டு எழுதினால் வருமான வரியின்ர 9 வீதம் சபை வரியாகப் போகும். பவாரியாவிலும் பாடன்-வியூர்ட்டம்பெர்க்கிலும் 8. சைவம், இந்து எண்டு எழுதுற ஆக்களுக்கு ஒண்டும் இல்லை.

முதலெழுத்து:
கத்தோலிக்கர் என்ன எழுதணும்ங்கறீங்க? சாமியையே மறைச்சு எழுதணுமா?

வட்டக்கச்சி:
நான் மறைக்கச் சொல்லேல்லை. எழுதினால் என்ன நடக்கும் எண்டு சொன்னனான். வருமானத்தில் 9 வீதம் எண்டு விளங்கிப்போட்டு அழாதேங்கோ, *வரியில்* 9 வீதம்.

முதலெழுத்து:
அப்பா பேரை ஒட்டு, சாமி பேரை எழுதாதே. நல்லா இருக்கு ஊரு.

நாலாம்மாடி:
தபால்பெட்டியில பேர் ஒட்டினா அடுத்த வாரமே டிவி, ரேடியோவுக்கான ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் வரும், மாசம் 18.36 யூரோ. ஒட்டச் சொல்றவங்க அதையும் சொல்லணும்ல?

ஹின்டர்ஹவுஸ்:
அந்தக் கடிதம் பதிவு செய்ததால் வருகிறது, பெயர் ஒட்டியதால் இல்லை. பெட்டியைப் பார்த்தா அவர்கள் விலாசம் எடுக்கிறார்கள்? கட்டணம் வீட்டுக்கு ஒன்றுதான், தலைக்கு ஒன்று இல்லை. கூடத் தங்குபவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணைக் குறித்து பதில் அனுப்பினால் முடிந்தது. கடிதத்தைத் தவறவிட்டால் நிலுவை ஏறும், மூன்று மாதத்துக்கு 55.08.

அதைவிட முக்கியம் மஞ்சள் உறை. அபராத ஆணை போன்றவை அதில் வரும். தபால்காரர் பெட்டியில் போட்டு உறை மேல் தேதி எழுதிவிட்டால், நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் கிடைத்ததாகவே கணக்கு. அபராத ஆணையை எதிர்க்க அன்றிலிருந்து இரண்டே வாரம். உறையைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள், தேதி அதில்தான் இருக்கிறது.

நாலாம்மாடி:
பாத்தீங்களா! பேர் ஒட்டினாத்தான் மஞ்சள் உறை பெட்டியில விழும். ஒட்டலைன்னா விழாது.

ஹின்டர்ஹவுஸ்:
இதை வழிகாட்டியில் எழுதிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

புதுவரவு:
அண்ணா, பெயரைப் பேப்பரில் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டலாமா?

வட்டக்கச்சி:
ஓம், தற்காலிகமாக ஒட்டுங்கோ. கட்டட நிர்வாகம் உலோகப் பலகை செய்து போட வாரக்கணக்காகும், அதுவரைக்கும் கடிதம் காத்திருக்காது. லத்தீன் பெரிய எழுத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல்படி. "ழ"வுக்கு ஒரு நாள் ஒரு எழுத்து, மறுநாள் இரண்டு எழுத்து எண்டு மாத்தாதேங்கோ.

ஹின்டர்ஹவுஸ்:
ஒட்டும் முன் நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சில கட்டடங்களில் கையெழுத்துத் தாளைக் கண்டால் கிழித்துவிடுவார்கள். படம் எடுத்து வையுங்கள்.

நாலாம்மாடி:
அந்தத் தாளிலேயே ஓரத்துல மாடி எண்ணையும் எழுதிடு தம்பி.

ஹின்டர்ஹவுஸ்:
எழுதாதீர்கள் தம்பி. பெட்டிக்கு மாடி கிடையாது.

நாலாம்மாடி:
எழுதினா ஒண்ணும் கெடாது.