வர்க்கலா கிளிஃப் அடியில் ஃபாசில் (புதைபடிவம்) பார்க்கப் போனவர்கள்: கடல் வற்றும் நேரம் மட்டும் போதுமா?

குழித்துறை_மேற்கு

வர்க்கலா பாபநாசம் பீச்சுல இருந்து கிளிஃப்படியிலயே, அதாவது கடலோரச் செங்குத்து மேட்டோட அடியிலயே, வடக்கே நடந்தவங்களுக்கு அந்தக் கரிய களிமண் பட்டை தெரியும். கடல் ஏற்ற இறக்க அட்டவணைப்படி கடல் நல்லா வத்தியிருக்க வேண்டிய நேரம். பட்டையில இருந்து கரியாகிப்போன மரத்துண்டு நீட்டிக்கிட்டு இருக்கு, நார் நாரா தெரியுது. நாலஞ்சு பேரு குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்காங்க. அதுவரைக்கும் பாதி மணலைக் கூடத் தொடாத அலை, ஒரே தடவையில கிளிஃப் காலைத் தொட்டுட்டுப் போச்சு. முழங்கால் தண்ணிதான். ஆனா திரும்பி இழுத்தப்போ ஒரு பையன் உக்காந்த மேனிக்கே கடல் பக்கம் சறுக்கினான். பக்கத்துல இருந்தவர் சட்டைக் காலரைப் பிடிச்சு நிறுத்தினார். அட்டவணை தப்பில்ல, திரும்பவும் சரிபார்த்தாச்சு. நீங்க எல்லாம் வேற எதைப் பாத்துட்டு இறங்குவீங்க?

விழிஞ்ஞம்_ஓரம்

அட்டவணைக்கு நாம் தரும் மதிப்பே நம் கரைக்குக் கூடுதல். குஜராத் பக்கம் ஏற்ற இறக்கம் பல மீட்டர். அங்கே கடல்தான் கடிகாரம். திருவனந்தபுரம் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஒரு மீட்டருக்குள்தான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணல் பத்துக்கு ஒன்று என்று சரிந்தால், எண்பது சென்டிமீட்டர் இறக்கம் எட்டு மீட்டர் மணலைத்தான் வெளியே காட்டும். அந்த எட்டு மீட்டரை ஒரு பெரிய அலை ஒரே ஏற்றத்தில் தின்றுவிடும்.

நீங்கள் சொல்வது கள்ளக்கடல் மாதிரி இருக்கிறது. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் புயல்களில் பிறந்து வரும் நீண்ட அலை. இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். அதனால்தான் ஏமாற்றுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்ததும் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை மையம்) வெளியிடும் அலை முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். பதினைந்து விநாடிக்கு மேல் போனால் உயரம் ஒரு மீட்டர் என்று இருந்தாலும் கிளிஃப்படிக்குப் போக வேண்டாம். நீண்ட அலை கரையில் வெகுதூரம் ஏறும். இறங்கும் முன் மேலே நின்று இருபது நிமிடம் கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், இடையில் அமைதி இருக்கும். ஐந்து நிமிடம் பார்த்தவனுக்கு அந்த அமைதி மட்டுமே கண்ணில் படும். மணலில் ஈரக்கோடு எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். அது கிளிஃப் காலில் இருந்தால் பேச்சே இல்லை.

பாறசாலை_பாறை

விழிஞ்ஞத்து அண்ணாச்சி சொல்வதில் பாதிதான் சரி. அட்டவணையைத் தள்ளிவைக்க முடியாது. நம் கடலில் ஒரு நாளில் வரும் இரண்டு இறக்கமும் ஒரே ஆழம் கிடையாது. ஆழமானது எது என்று பார்த்து, அது காலை வெளிச்சத்தில் விழும் நாளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இந்த வாரம் காலை ஏழு மணி என்றால் அடுத்த வாரம் மதியம் தாண்டிவிடும். இறக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்குங்கள், தண்ணீர் மிகக் கீழே போகும் நிமிடத்தில் திரும்ப ஆரம்பியுங்கள். பலர் அந்த நிமிடத்தில்தான் போய்ச் சேருகிறார்கள். கர்க்கடக (நம் ஆடி) அமாவாசையில் கடல் நன்றாக வற்றும் என்று யாரும் கிளம்பாதீர்கள்: பாபநாசத்தில் பலிதர்ப்பணக் கூட்டம், அதோடு பருவமழைக் கடல்.

கடலைவிட எனக்குப் பயம் தலைக்கு மேல். ஒரு குடும்பம் நிழலுக்காகக் கிளிஃபை ஒட்டித் துண்டு விரித்திருந்தது. மேலிருந்து செம்மண் பொடி கோடாகக் கொட்ட ஆரம்பித்தது. பக்கத்தில் மீன்வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் கத்தியதில் எழுந்து ஓடினார்கள். சற்று நேரத்தில் தேங்காய் அளவு கட்டிகள் அந்தத் துண்டின் மேல் விழுந்தன. மேலே செம்புரைக்கல், அதன் கீழே மணற்கல், அடியில் களிமண். மழைநீர் முதல் இரண்டிலும் இறங்கிக் களிமண்ணில் தடைபட்டுப் பக்கவாட்டில் ஊற்றாக வழிகிறது. கீழே அலை அரிக்கிறது. மேல்பாரம் அந்தரத்தில் நிற்கிறது. கிளிஃபின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் விலகி நடங்கள். மணல் அந்த அளவுக்கு அகலம் இல்லையா, அன்றைக்குக் கீழே இறங்க வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இன்னும் மோசம், ஊற்று அப்போதுதான் பலமாக வரும்.

தக்கலை_சிப்பி

வர்க்கலாவில் சிப்பி ஃபாசில் தேடி ஏமாந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அங்கே தெரிவது முக்கியமாகக் கரியான மரமும் தாவரத் துணுக்கும். சிப்பி, சங்கு, பவளம் வேண்டுமென்றால் கொல்லம் சுண்ணாம்புக்கல் அடுக்கு, அஷ்டமுடிக் காயல் ஓரத்துப் படப்பக்கரை. குண்டறை வழியாகப் போகலாம். ஏறக்குறைய 2 கோடியிலிருந்து 1.6 கோடி ஆண்டுக்கு முன் இருந்த கடலில் படிந்தது அது. காயல் தண்ணீர் ஒரு சாண் கீழே போனதும், திருகாணி மாதிரிச் சுற்றிய சங்கு ஒன்று கல்லுக்குள் முழுசாகத் தெரிந்த அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அலைப் பயம் இல்லை. ஆனால் பாசி வழுக்கும், சேறு காலை விடாது. செருப்பு வேண்டாம், கயிறு கட்டும் ஷூ போடுங்கள். காயலில் வற்றும் நேரம் கடலுக்குப் பின்னால்தான் வரும், கடற்கரை அட்டவணையை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள்.

மார்த்தாண்டம்_சேகரிப்பு

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வர்க்கலா கிளிஃப் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்த புவியியல் நினைவுச்சின்னம். சுத்தியல், உளி எடுத்துப் போகக் கூடாது. தட்டினால் மேலே இருப்பதும் சேர்ந்து வரும். பத்து மடங்கு லென்ஸ், மென்மையான பிரஷ், அளவுகோல், போன், நோட்டு இவ்வளவு போதும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, எந்த அடுக்கில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று எழுதுங்கள். இடம் தெரியாத ஃபாசிலுக்குப் பாதி மதிப்புதான்.

கன்னியாகுமரி பக்கம் கரை ஒதுங்கும் வெள்ளைப் பவளத்தை ஃபாசில் என்று பையில் போடுகிறார்கள். கல் பவளம் முழுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்ததாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

நிலம் சொந்தக்காரர் ஒப்புக்கொண்டு உதிர்ந்து கிடந்த சிப்பிக்கல் கிடைத்தால், உப்பு போக நல்ல தண்ணீரில் ஊறப் போட்டுத் தினமும் தண்ணீர் மாற்றுங்கள், பிறகு நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் உப்பு பூத்து மேல்தோல் உரியும். பழுப்பு நிலக்கரி மரம் இதற்கு நேர் எதிர்: காய்ந்தால் வெடித்துத் தூளாகும். பித்தளை நிறத்தில் மின்னும் மார்க்கசைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உருண்டையைச் சிப்பிகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது வெள்ளையாகப் பூத்து அமிலம் கக்கும், பக்கத்துச் சுண்ணாம்பெல்லாம் கரையும்.

பாறசாலை_பாறை

மார்த்தாண்டத்து அண்ணாச்சி, பட்டியலில் ஹெல்மெட் விட்டுப்போச்சு. தேங்காய் அளவு கட்டிக்கு அது போதாது, சின்னக் கல்லுக்கு உதவும். இன்னொன்று: கிளிஃபிலிருந்து இறங்கும் அடுத்தடுத்த படிக்கட்டுகள் எங்கே என்று மேலேயே நடந்து பார்த்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். தண்ணீர் ஏறினால் வந்த வழியே திரும்புவதைவிடப் பக்கத்துப் படி கிட்டத்தில் இருக்கலாம்.